கை வைக்கக்கூடாத கன்னம்

என் மனைவிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. இதை நான் குற்றமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. வீட்டிலும் வேலையிலும் கூடவே இருந்து அவதிப்படுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே ட்ரை க்ளீனிங் கடையில் வேலை பார்க்கிறோம். அவள் கறை எடுப்பவள், நான் பிரஸ் போடுகிறவன். அவளுடைய மேசைக்கும் என் மெஷினுக்கும் நடுவே ஒரு மரத்தடுப்பு, அதன் மேல்பாதி கண்ணாடி. நாள் முழுக்க அந்தக் கண்ணாடி வழியாக அவளுடைய குனிந்த உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்நேரமும் விரலிடுக்கில் பஞ்சு இருப்பதால் கடையில் அவளுக்குப் பஞ்சக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவரான முதலாளியும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

கறை விஷயத்தில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம். கறை காய்வதற்குள் கை வைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் அது துணியின் சொந்தக்காரனாகிவிடுமாம். அதிலும் சிவப்பு என்றால் அவளால் ஒரு நிமிடம்கூடப் பொறுக்க முடியாது. ஒருமுறை பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு மனிதரின் சட்டைக் காலரில் சிவப்பு மை பட்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி, மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள், இவள் கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து நனைத்து அவருடைய கழுத்தில் ஒத்திக்கொண்டிருந்தாள். அந்த மனிதர் துள்ளிவிட்டார். “கொஞ்சம் அசையாம நில்லுங்க சார், பாதி போயிடுச்சு” என்று அவரையே அதட்டினாள். நான் அவளுடைய புருஷன் இல்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. “என் கையால ஒரு துணி கெட்டதில்ல” என்பாள். உண்மைதான். எடுக்க முடியாத கறையை எடுக்க முடியாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறாளே தவிர, எடுக்கிறேன் பேர்வழி என்று இன்னொரு கறையை வைத்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் யாராவது வாயைத் திறந்தால் சண்டைக்கு நிற்பாள். மற்றபடி நகையில் கர்வம் கிடையாது, உடையில் கிடையாது, முகத்தில் சுத்தமாகக் கிடையாது. சின்ன வயதில் வந்த பருக்கள் இரண்டு கன்னத்திலும் குழி குழியாகத் தடம் விட்டுப் போயிருந்தன. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. “அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன்” என்பாள்.

அந்தக் குழிகளுக்குத்தான் எங்கள் மகள் வழியாக வேளை வந்தது.

மகள் தோல் க்ளினிக் ஒன்றில் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். அங்கே மைக்ரோநீடிலிங் என்று ஒன்று செய்கிறார்கள். தடித்த பேனா போல ஒரு கருவி. அதன் நுனியில் கண்ணுக்கே தெரியாத ஊசிகள். அதை முகத்தில் ஓட்டினால் ஊசிகள் குத்திக் குத்தி எடுக்குமாம். அதுவரை மகளுக்கு அந்தப் பேனாவைத் துடைத்து வைக்கிற வேலைதான். பயிற்சி முடிகிற நேரத்தில் பெரிய டாக்டரம்மா ஒரு நிபந்தனை போட்டார். உனக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வா, என் முன்னால் முழு முகத்துக்கும் செய், ஆறிய பிறகு நான் அந்த முகத்தைப் பார்க்கிறேன். நன்றாக ஆறியிருந்தால் பேனா உன் கையில். இல்லையென்றால் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடு.

மகள் தோழிகளைக் கேட்டாள். ஒருத்திக்குப் பரீட்சை, ஒருத்திக்குப் பயணம், ஒருத்திக்கு ஊசி என்றாலே மயக்கம். சாப்பிடும்போது இதைச் சொல்லிக்கொண்டே தட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“என் மூஞ்சி இருக்கே” என்றாள் என் மனைவி. “ஏற்கெனவே குழி இருக்கற இடம். இன்னும் ரெண்டு குத்தினா என்ன ஆகிடப் போகுது?”

“நல்லா இருக்கறதை எதுக்குக் குத்தணும்?” என்று நான் கேட்டேன். எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

“சின்னச் சின்னதா காயம் பண்ணினா, தோல் தன்னைத்தானே ரிப்பேர் பண்ணிக்கும்பா. அப்ப பழைய குழியும் சேந்து மேடாகும்.”

“அதாவது, நல்ல இடத்தைக் கெடுத்துக் கெட்ட இடத்தைச் சரி பண்றது.”

“ஆமா. இல்ல, அப்படி இல்ல. அய்யோ, விடுங்கப்பா.”

விட்டுவிட்டேன். ஆனால் அன்று பிடித்த குழப்பம் என்னை விடவில்லை.

க்ளினிக்கில் என்னை ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார அனுமதித்தார்கள். மனைவியின் முகம் முழுக்க மரத்துப்போகிற க்ரீமைத் தடவி, மேலே பாலிதீன் தாளை ஒட்டினார்கள், கடையில் நாங்கள் கோட்டுக்கு உறை போடுவதுபோல. அப்புறம் பேனா ரீங்காரம் போட ஆரம்பித்தது. நெற்றி முடிந்தது, இடது கன்னம் முடிந்தது. மகள் பேனாவை ஓட்ட ஓட்ட, பின்னால் புள்ளி புள்ளியாகச் சிவப்பு எழும்பியது. என் மனைவிக்கு வலிக்கவில்லை போலும். ஆனால் எதிரே இருந்த கண்ணாடியில் அவள் சிவப்பைப் பார்த்துவிட்டாள். மடியில் இருந்த கை தானாக முகத்தை நோக்கிப் போயிற்று.

“கையைக் கீழ வைம்மா!”

“ஒத்தி எடுத்துடறேன்டி, காஞ்சுடும்.”

“அம்மா! அது கறை இல்ல, உன் ரத்தம்!”

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். அந்த நேரத்தில் வெளியிலிருந்து யாரோ அவசரமாகக் கூப்பிட, அவர் எழுந்து போனார். வலது கன்னத்தை மகள் தனியாகத்தான் செய்தாள். அவர் திரும்பி வரும்போது தாடையில் வேலை முடிகிற நிலை. “நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மகள் பேசிக்கொண்டே வந்தாள், நான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன். இன்றைக்கு முகத்தில் எதுவும் படக்கூடாது. நாளையிலிருந்து கழுவலாம். கழுவ வேண்டும், ஆனால் தேய்க்கக் கூடாது. துடைக்கக் கூடாது, ஒத்த வேண்டும். ஈரம் காக்கிற க்ரீமைப் போட வேண்டும், ஆனால் வாசனையுள்ள எதையும் போடக் கூடாது. வெயிலில் போகக் கூடாது. போகாவிட்டாலும் சன் ஸ்க்ரீன் போட வேண்டும். வீட்டுக்குள்ளேயா? வீட்டுக்குள்ளேயும்தான். வியர்க்கக் கூடாது, சூடு படக் கூடாது. அடுப்புப் பக்கமே போகக் கூடாது. தோல் உரியும், உரிக்கக் கூடாது. அரிக்கும், சொறியக் கூடாது.

“செவப்பா இருக்குமா?” என்று கேட்டேன்.

“இருக்கும். அது நல்லது.”

“எதுவரைக்கும் நல்லது?”

“கொஞ்ச நாள். அதுக்கப்புறமும் இருந்தா நல்லதில்ல. ரொம்ப செவப்பா இருந்தாலும் நல்லதில்ல.”

“எவ்வளவு செவப்பு ரொம்ப செவப்பு?”

“பாத்தா தெரியும்பா.”

எனக்கு எதைப் பார்த்தாலும் சிவப்பாகத்தான் தெரிந்தது. அன்று மாலை என் மனைவியின் முகம், என் மெஷினில் விரலைச் சுட்டுக்கொண்டால் விரல் எப்படி ஆகுமோ அப்படி இருந்தது. கண்ணும் உதடும்தான் அவளுடையவை. அவள் குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். நானும் பின்னாலேயே போய் நின்றேன். அலமாரியில் அவளுடைய வீட்டுக் கறை சாமான்கள் வரிசையாக இருந்தன: வினிகர், சோடா மாவு, இன்னும் பெயர் எழுதாத இரண்டு மூன்று புட்டிகள். அவளுடைய பார்வை கண்ணாடிக்கும் அலமாரிக்கும் போய்ப் போய் வந்தது. எல்லாவற்றையும் ஒரு பையில் வாரிப் போட்டு, மறுநாள் கடைக்கு எடுத்துப்போய் என் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டேன். வீட்டில் ஒரு சொட்டு வினிகர்கூட மிச்சமில்லை.

“என்னை என்னன்னு நெனச்சீங்க? சின்னக் கொழந்தைன்னா?” என்று பொரிந்து தள்ளினாள்.

“சின்னக் கொழந்தைன்னா கையைக் கட்டிப் போட்டுடலாம்” என்றேன். அதற்குப் பிறகு சாப்பிட்டு முடியும்வரை என்னோடு பேசவில்லை. சாப்பாடு நான் சமைத்தது என்பதால் பேசாமல் இருக்க அவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது.

கடையில் நிலைமை இன்னும் மோசம். அவளுடைய இடத்துக்குப் பக்கத்திலேயே என் மெஷின் ஆவியைக் கக்கிக்கொண்டிருக்கும். அவளுடைய மேசையிலேயே ஆவியைப் பீய்ச்சும் ஸ்டீம் கன் ஒன்று உண்டு. அதனால் முதலாளி அவளைப் பின்பக்கம் துணி அடுக்குகிற அறைக்கு மாற்றினார். அங்கே ஜன்னல் இல்லை, வெயில் இல்லை, ஆவி இல்லை. பொத்தான் தைப்பதும் துணியில் நம்பர் கட்டுவதும்தான் வேலை. சிறை வைத்தாற்போல இருக்கிறது என்றாள்.

அவளுடைய முகத்தைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கவுன்டரில் இருக்கும் பெண் ஐஸ் கட்டி வைக்கச் சொன்னாள். மகளைக் கேட்டால் ஐஸை நேராக வைக்கக் கூடாது என்றாள். முதலாளி தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னார். மகளைக் கேட்டால் தலையில் அடித்துக்கொண்டாள். துணி எடுத்துப்போகும் வண்டிக்காரர், காற்றாட விட்டால் போதும், எதுவுமே போடாதீர்கள் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மகளைக் கேட்டால், காயவிட்டால்தான் ஆபத்து, க்ரீம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். யார் சொல்வது சரி என்று யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்தது. என் மனைவியோ யார் சொன்னதையும் செய்யவில்லை. மகள் சொன்னதை மட்டும், ஒரு எழுத்து பிசகாமல் செய்தாள். அதுதான் என்னை அதிகமாகக் குழப்பியது. அவள் யார் சொல்லியும் எதையும் கேட்டவள் அல்ல.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் பழச்சாறு கொட்டிய வெள்ளைக் கோட்டோடு ஓடி வந்தார். சாயங்காலம் அவருக்கு ஏதோ பெரிய கூட்டமாம். கறை இன்னும் ஈரமாக இருந்தது. பின்னறைக் கதவுக்குள் என் மனைவி கூண்டுக்குள் நிற்பதுபோல நின்று துடித்தாள். மேசையருகே வரக்கூடாது, ஆவி. வேறு ஆள் இல்லை. முதலாளி பஞ்சை என் கையில் கொடுத்தார்.

“கீழ ஒரு வெள்ளைத் துணி வைங்க! குளிர்ந்த தண்ணி! சூடு வேணாம், சூடு வேணாம்! ஐயோ, தேய்க்காதீங்க, ஒத்துங்க! ஓரத்துலேந்து நடுவுக்கு வாங்க! நடுவுலேந்து போனா பரவிடும்!”

“தெரியுது, தெரியுது.”

“என்ன தெரியுது? துணியைக் கொலை பண்றீங்க!”

எப்படியோ போய்விட்டது. அவருடைய கூட்டம் பிழைத்தது. அன்று சாயங்காலம் கடை மூடும்போது அவள் கதவோரம் நின்று சொன்னாள்: “கையைக் கட்டிக்கிட்டு நிக்கறது எவ்ளோ கஷ்டம்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.” எனக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. துணியை நினைத்துச் சொன்னாளா, முகத்தை நினைத்துச் சொன்னாளா என்று கேட்கவில்லை.

சிவப்பு மெல்ல அடங்கியது. தோல் பொடிப்பொடியாக உரிந்தது. அவள் தலையணை உறையைத் தினமும் மாற்றினாள், க்ரீமை மறக்காமல் போட்டாள், அரிக்கும்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். ஒரு காலையில் அவள் கண்ணாடி முன்னால் வழக்கத்தைவிட நேரம் நின்றாள். குழிகள் போய்விடவில்லை. ஆனால் கன்னம் ஏதோ ஒரு விதத்தில் தெளிந்திருந்தது.

“கொஞ்சம் நல்லா இருக்கு, இல்ல?” என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் முகத்தைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் அசடு வழிய நின்றேன். “நல்லா இருக்கு” என்று சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தை நாங்கள் அனுபவிப்பதற்குள் அந்தப் பழுப்பு வந்தது. வலது கன்னத்து எலும்பின் மேல், முதலில் நிழல் விழுந்தாற்போல, பிறகு தெளிவாக, விரல் நீளத்துக்கு ஒரு தடம். மகள் வேலையிலிருந்து வந்ததும் டியூப் லைட்டுக்குக் கீழே அம்மாவின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மகளுடைய முகம் வெளுத்துவிட்டது.

“வெயில்ல போனியா?”

“இல்லடி.”

“ஸ்டீம் பக்கம் நின்னியா?”

“இல்ல.”

“ஏதாவது போட்டியாம்மா? பொய் சொல்லாத.”

“சத்தியமா ஒண்ணும் போடல.”

மகள் அதற்குமேல் கேட்கவில்லை. போய் முகம் கழுவிக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்றாள். டாக்டரம்மா முகத்தைப் பார்க்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பேனாவா டோக்கனா என்று தீர்மானிக்கப் போகிற முகத்தில் கோடு விழுந்திருக்கிறது. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

நான்தான் பைத்தியம் பிடித்தவன்போல ஆனேன். என் சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்த சூடுதான் காரணமோ? பக்கத்தில் படுத்ததாலா? அந்தக் கோட்டு விவகாரத்தில் கதவோரம் நின்றாளே, அப்போது ஆவி அடித்திருக்குமோ? அன்றிலிருந்து வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுத்தான் அவள் பக்கத்தில் போனேன். ஏன் குளிக்கிறீர்கள் என்று கேட்டாள். வியர்வை என்றேன். அவளோ கன்னத்துக் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணாடிப் பக்கமும் போகவில்லை. மகளை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய மௌனம் எனக்குப் பிடிபடவில்லை. கத்துகிறவள் கத்தாமல் இருந்தால் வீட்டில் இருப்பவனுக்கு எப்படித் தூக்கம் வரும்?

அந்த நாளும் வந்தது. க்ளினிக்கில் டாக்டரம்மா பெரிய பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து, மேசையில் படுத்திருந்த என் மனைவியின் முகத்தின் மேல் பிடித்தார். மகள் க்ளினிக் கோட்டு போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றாள். நான் அதே ஸ்டூலில்.

“இடது பக்கம் அருமையா ஆறியிருக்கு” என்றார் டாக்டரம்மா. விளக்கு வலது பக்கம் போயிற்று. அங்கேயே நின்றது. “இது என்ன? என்னம்மா போட்டீங்க இதுல?”

“வினிகர்” என்றாள் என் மனைவி.

நான் ஸ்டூலிலிருந்து விழாதது ஆச்சரியம். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு நன்றாகவே தெரியும்: வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன்.

“வினிகரா?”

“ஆமா டாக்டர். நான் கறை எடுக்கறவ. செவப்பைப் பாத்தா கை சும்மா இருக்காது. பஞ்சுல தொட்டு வச்சுட்டேன். தப்புதான். என் கையாலதான் கெட்டுச்சு.”

என் மனைவியா இது? தன் கையால் கெட்டது என்ற சொல் அவளுடைய வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. மகள் சுவரோரம் அசையாமல் நின்றாள்.

டாக்டரம்மா விளக்கை அணைத்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று என் மனைவி ஒரு மூச்சு விட்டாள். அவர் மகள் பக்கம் திரும்பினார்.

“குத்தறது பாதி வேலைதான். அதுக்கப்புறம் எதைப் போடணும், எதைத் தொடக்கூடாதுன்னு புரிய வைக்கறது மீதி வேலை. பெத்த அம்மாவுக்கே உன்னால புரிய வைக்க முடியல. வெளி ஆளுங்களுக்கு எப்படிப் புரிய வைப்ப?”

என் மனைவிக்கு முழி பிதுங்கியது. “இல்ல டாக்டர், அவ எல்லாம் சொன்னா. நல்லாத்தான் சொன்னா. எனக்குத்தான் காதுல ஏறல.”

“காதுல ஏறுற மாதிரி சொல்லணும்மா. அதான் வேலை.”

“ஏறிச்சு டாக்டர். ஏறித்தான் இருந்துச்சு. நான்தான்…” அவளுக்கு வார்த்தை குழறியது. என்னைப் பார்த்தாள். இந்த முறை பார்வை வேறு: ஏதாவது சொல்லுங்களேன்.

டாக்டரம்மாவும் என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. பொண்ணு சரியா சொன்னாளா?”

“சொன்னா டாக்டர். வழியெல்லாம் சொன்னா. இவங்களும் அப்படியே…” அப்படியே செய்தாள் என்று சொன்னால் வினிகர் பொய்யாகிவிடும். செய்யவில்லை என்று சொன்னால் மகள்மேல் பழி. “அதாவது, செஞ்சாங்க, ஆனா வினிகரு…” திருதிருவென்று விழித்தேன். எந்தப் பக்கம் காலை வைத்தாலும் என் வீட்டு ஆள் ஒருத்தி விழுவாள்.

“அம்மா ஒண்ணும் போடல டாக்டர்” என்றாள் மகள்.

“நீ சும்மா இருடி!”

“நீ சும்மா இரும்மா.” மகள் சுவரை விட்டு முன்னால் வந்தாள். விளக்கை மறுபடியும் போட்டு அம்மாவின் கன்னத்தின் மேல் இழுத்தாள். கன்னத்தைத் தொடாமல், அந்தத் தடத்துக்கு மேலாகவே விரலை ஓட்டிக் காட்டினாள். “வினிகர் தண்ணி மாதிரி டாக்டர். வச்ச எடத்துல நிக்காது, சுத்திப் பரவும். இது பரவல. கோடா இருக்கு. நான் பேனாவை இழுத்த வழியிலயே இருக்கு. எலும்பு மேல அழுத்தக் கூடாதுன்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்க. நீங்க வெளிய போனதும் எனக்குக் கை நடுங்கிச்சு. நடுங்கக் கூடாதுன்னு கெட்டியாப் பிடிச்சேன், அழுத்திட்டேன். அப்பவே தெரிஞ்சுது. உங்ககிட்ட சொல்ல பயம். வீட்டுல வந்து, இவங்க ஏதாவது போட்டிருக்கணுமேன்னு வேண்டிக்கிட்டுக் கேட்டேன்.” அவளுடைய குரல் உடைந்தது. “எங்கம்மா கையால ஒரு துணி கெட்டதில்ல டாக்டர். அவங்க போய்…”

என் மனைவி மேசையில் எழுந்து உட்கார்ந்தாள். கோபத்தில் உதடு துடித்தது. “ஏன்டி சொன்ன? நான்தான் எல்லாத்தையும் என் தலையில போட்டுக்கிட்டேனே. உனக்கென்ன கேடு?” என்று கேட்டவள், கேட்கும்போதே அழுதுவிட்டாள். நான் இருவரில் யார் பக்கத்தில் போய் நிற்பது என்று தெரியாமல் அறையின் நடுவில் நின்றேன்.

டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“கோட்டைப் படிக்கத் தெரிஞ்சிருக்கு உனக்கு. அன்னிக்கே சொல்லியிருந்தா, அன்னிக்கே அதுக்கு வேண்டியதைப் பாத்திருக்கலாம். மறைச்சியே, அதுதான் எனக்குப் பிடிக்கல” என்றார். “தழும்பாகல. கறுத்திருக்கு, அவ்வளவுதான். சன் ஸ்க்ரீனை விடாமப் போட்டா கலைஞ்சுடும், ஆனா மாசக்கணக்காகும். பேனாவை உன் கையில இப்போ தர முடியாது. என் பக்கத்துல நின்னு இன்னொரு முழு முகம் செய்யணும். எலும்புப் பக்கம் நீ எப்படிப் போறன்னு நான் பாக்கணும். யாரைக் கூட்டிட்டு வருவ?”

மகள் தன் க்ளினிக் கோட்டின் பொத்தானைத் திருகினாள். யாரைக் கூட்டி வருவாள்? முதல் தடவைக்கே ஆள் கிடைக்கவில்லை. இப்போது இந்தத் தடத்தையும் பார்த்துவிட்டு எவள் வருவாள்? டோக்கன் மேசை அவளுடைய கண்ணுக்கு முன்னால் வந்திருக்கும். எனக்கு வந்தது.

“நான் வரேன்” என்றாள் என் மனைவி.

“இது கலையணும்மா” என்றார் டாக்டரம்மா.

“கலையட்டும். கலைஞ்சதும் வரேன். இந்தக் கன்னத்துலயே செய்யட்டும், இதே எலும்பு மேல.”

“வேணாம்மா.” மகள் தலையை வேகமாக ஆட்டினாள். “எனக்குப் பயமா இருக்கு. மறுபடியும் கெட்டுப் போச்சுன்னா?”

“எனக்கும் பயமாத்தான்டி இருக்கு. யாருக்குப் பயமில்ல?” அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ஊராங்க மொகத்துல நீ நடுங்கிக்கிட்டுக் கை வைக்கக் கூடாது. அந்த நடுக்கம் போற வரைக்கும் என் மொகத்துல வை. கெட்டுப் போனா போகட்டும், நான் தாங்கிக்குவேன்.”

மகள் மேசை ஓரத்தில் அப்படியே சரிந்து, அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து விம்மினாள். என் மனைவி அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே டாக்டரம்மாவைப் பார்த்து, “எந்த மாசம் வரணும், சொல்லுங்க டாக்டர். கடையில முன்கூட்டியே லீவு சொல்லணும்” என்றாள்.